ஒரு தோலா ஈயம்

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வசிக்கும் என் தங்கை மகன் தொலைபேசியில் அழைத்தான். நலம் விசாரிப்புகள் முடிந்தபின் சற்றுத் தயங்கி, "மாமா, ஒரு சந்தேகம். நூத்தம்பதா, நூத்தியெம்பதா?" என்றான்.

எனக்கு எதுவும் விளங்கவில்லை. நிலத்தின் விலையோ என்று எண்ணினேன். அவன் விளக்கினான். அங்கே மான் வேட்டைக்கு முறைப்படி உரிமம் வாங்கியிருக்கிறான். அதற்கான பயிற்சி வகுப்பையும் முடித்துவிட்டான். அலுவலக நண்பர் ஒருவர் தம்மிடமிருந்த பழைய முப்பது-நாட்-ஆறு ரைஃபிளை அவனுக்கு விற்றிருக்கிறார். நன்றியறிதல் நாள் விருந்துக்கு இரண்டு நாள் கழித்து வரும் சனிக்கிழமை அங்கே ரைஃபிள் பருவம் தொடங்குகிறது. கடையில் அந்தத் துப்பாக்கிக்கு 150 கிரெய்ன், 165 கிரெய்ன், 180 கிரெய்ன் என்று மூன்று எடைகளில் தோட்டாப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?

"ஆலங்காயத்துல கொள்ளுத்தாத்தா மான் சுட்டாருன்னு அம்மா சொல்வாங்களே. அவர் இன்னா எடை போடுவாரு?"

பிறகு பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை நான் எவரிடமும் சொன்னதில்லை என்பதுதான் சிக்கல்.

*

முதலில் கிரெய்ன் என்னும் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தானிய மணி என்பதே அச்சொல்லின் பொருள். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம், ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெய்ன். உலகம் எங்கும் கிராமுக்கு மாறிய பின்னும் துப்பாக்கிக்காரர்கள் இந்தப் பழைய அளவை விடவில்லை. நமக்கும் இது அந்நியமானதன்று. நம் பொற்கொல்லர்கள் அண்மைக்காலம் வரை புழங்கிய தோலா சரியாக 180 கிரெய்ன். 1835க்குப் பின் அச்சான கும்பினி வெள்ளி ரூபாயின் எடையும் அதுவே. ஆக, என் மருமகன் கேட்ட 180 கிரெய்ன் குண்டு ஒரு தோலா, 11.66 கிராம். 150 கிரெய்ன் என்பது 9.72 கிராம், ஒன்றேகால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு இரண்டு கிராம்கூட இல்லை. ஒரு மூக்குத்தியின் எடை.

அந்த மூக்குத்தி எடைக்காக மேலைநாட்டு வேட்டைக்காரர்கள் நூறாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். இந்தியாவில் அந்த வாதத்துக்கு இடமே இருந்ததில்லை. இராணுவம் புழங்கும் .303 போன்ற தோட்டாக்களைக் குடிமக்கள் வைத்திருக்கக்கூடாது என்று வெள்ளையர் ஆட்சி தடுத்தது. அந்தத் தடையின் பயனாய் வழக்குக்கு வந்ததே .315 என்னும் அளவு. விடுதலைக்குப் பின் இச்சாப்பூர் தொழிற்சாலை .315 ரைஃபிளைச் செய்தது. கட்கியிலிருந்து தோட்டா வந்தது. குண்டின் எடை 244 கிரெய்ன், ஏறத்தாழ இரண்டு பவுன். புள்ளிமானுக்கும் அதுதான், காட்டுப்பன்றிக்கும் அதுதான். ரேஷன் கடை அரிசி போல, எதைக் கொடுக்கிறார்களோ அது.

என் தாத்தாவிடம் அதுவும் இருந்ததில்லை.

*

ஆலங்காயம் ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர். இன்று திருப்பத்தூர் மாவட்டம். 2019 வரை வேலூர் மாவட்டம். என் சிறுவயதில் வட ஆற்காடு. எங்கள் பகுதியை உலகம் தோலால் அறியும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பதனிட்ட தோல் கப்பலேறியது. அந்தத் தோலுக்கு நிறமும் உறுதியும் தந்தது ஆவாரம்பட்டை. தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்து அதன் இடத்தைப் பிடித்த பிறகும், பதனிட்ட தோல் வெயிலில் சிவந்து போகாமலிருக்கக் கடுக்காய் வேண்டியிருந்தது. ஜவ்வாது மலையில் கடுக்காய்க்குப் பஞ்சமில்லை. என் அம்மாவைப் பெற்ற தாத்தா மலையிலிருந்து இறங்கும் கடுக்காயை வாங்கி வாணியம்பாடி டேனரிகளுக்கு அனுப்பும் சிறு வியாபாரி. மலையடியில் நான்கு ஏக்கர் மானாவாரி நிலமும் இருந்தது. அதில் வேர்க்கடலை.

தாத்தாவின் துப்பாக்கி வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கென்றே இத்தகைய துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வழி வைத்திருந்தது. குழலுக்குள் விரற்கணக்கில் கரிமருந்து, அதன்மேல் தேங்காய் நார், அதன்மேல் ஈயக் குண்டு, மறுபடி நார். நீண்ட கம்பியால் கெட்டித்து, குதிரையின் கீழே கேப்பைப் பொருத்தினால் ஆயிற்று. குண்டுகளைத் தாத்தாவே வார்ப்பார். பழைய ஈயத்தை இரும்புக் கரண்டியில் உருக்கி அச்சில் ஊற்றுவார். குளிர்ந்தபின் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்பார். நெல்லிக்காயளவு இருக்கும். அவ்வளவு சிறிய பொருள் அவ்வளவு கனப்பது ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருந்தது.

அவர் அடிக்கடி சுடுபவர் அல்லர். பெரும்பாலும் வெறும் மருந்தைக் கெட்டித்து வெடி போடுவார். மான்கள் கலைந்து ஓடும். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ குண்டு போடுவதுண்டு. மேட்டு நிலத்தில் மேய வந்த மானைச் சுடுவது சட்டப்படி சரியா என்று ஊரில் அன்று எவரும் கேட்டதில்லை. மலையிலிருந்து கவுண்டர் ஒருவர் துணைக்கு வருவார். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் பெயருக்குப் பின் கவுண்டர் என்று போட்டுக்கொள்வார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. தாத்தாவை அவர் "மொதலாளி" என்பார். தாத்தா அவரைக் "கவுண்டரே" என்பார். இருவரும் ஒரே பரணில் இரவு முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

*

1971 புரட்டாசி. எனக்குப் பதினோரு வயது. அந்த மாலையில் தாத்தாவுக்கு வாணியம்பாடியிலிருந்து ஆள் வந்திருந்தது, கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. பலமுறை பார்த்திருக்கிறேன் என்பதால் துப்பாக்கியைக் கெட்டிக்கும் பொறுப்பை முதன்முதலாக எனக்குக் கொடுத்தார். மருந்தை அவரே அளந்து தந்தார். "குண்டு ஒண்ணு போட்டு நாரு வெச்சிக் கெட்டி" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போனார்.

என் கால்சட்டைப் பையில் சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய பால்ரஸ் குண்டுகள் இருந்தன. சைக்கிளின் பின் சக்கரத்து அச்சில் இருக்கும் கால் அங்குல எஃகுக் குண்டுகள். பளபளவென்று கண்ணைப் பறிக்கும். மலையில் சிலர் ஈயம் கிடைக்காதபோது பால்ரஸ் போட்டுச் சுடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. ஒரு குண்டு என்றால் குறி தவறலாம். பத்து இருபது என்றால் ஒன்றாவது படாதா?

நான் கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துவது. அடுத்த வீட்டுப் பத்தரின் பட்டறைக்கு ஓடினேன். ஒரு தட்டில் தாத்தாவின் ஈயக் குண்டை வைத்து, மறு தட்டில் பால்ரஸை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். பத்தொன்பதாவது குண்டு விழுந்ததும் முள் நேராக நின்றது. ஒன்றே முக்கால் தோலா. "ரெண்டும் சரியா கீது" என்று பத்தர் சிரித்தார். தராசு சொல்லிவிட்டது. அதற்குமேல் என்ன சான்று வேண்டும்? பத்தொன்பதையும் குழலுக்குள் கொட்டி நார் வைத்துக் கெட்டித்தேன். ஈயக் குண்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பின்னிலவு ஏறிய பிறகு மான்கள் வந்தன. ஐந்தாறு பெட்டைகள், பின்னால் ஒரு கொம்பன். வளர்ந்த ஆண் புள்ளிமான் எழுபது கிலோவுக்கு மேல் இருக்கும். பரணிலிருந்து நாற்பது தப்படி. தாத்தா வெகுநேரம் காத்திருந்தார். மான் பக்கவாட்டில் திரும்பி நின்றபோது சுட்டார். புகை விலகியபோது வயலில் எதுவும் இல்லை.

விடிந்தபின் கவுண்டர் கடலைச் செடிகளினூடே குனிந்து நடந்தார். ஓரிடத்தில் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். நுரையீரலில் பட்டால் இரத்தம் இளஞ்சிவப்பாய் நுரைத்திருக்கும். அது ஐம்பது அறுபது தப்படிக்குள் விழுந்து கிடக்கும். இதுவோ கருஞ்சிவப்பு. அதில் அரைத்த புல்லின் பச்சையும் கலந்திருந்தது.

"வயித்துல பட்டுக்கீது மொதலாளி. இப்ப தொரத்தக் கூடாது. தொரத்தினா ஓடிக்கினே இருக்கும்."

நண்பகல் வரை காத்திருந்து புறப்பட்டார்கள். நானும் போனேன். உசிலையும் காரையும் மண்டிய சரிவில் ஒரு மைலுக்கு மேல் தடம் கிடைத்தது. இரண்டிடங்களில் அது படுத்து எழுந்திருந்தது. மாலையில் மழை பிடித்துக்கொண்டது. ஓடையருகே தடம் அற்றுப் போயிற்று. மறுநாளும் தேடினோம். மூன்றாம் நாள் காலையில் கழுகுகள் வட்டமிட்ட இடத்தைக் கவுண்டர் காட்டினார்.

மான் ஓடைக்கரையில், தண்ணீருக்கு எட்டும் தொலைவில் கிடந்தது. இறைச்சி எவருக்கும் ஆகாது. கவுண்டர் தோலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மயிர் கொத்தாகக் கையோடு வந்தது. தோலூரில் பிறந்த எனக்கும் அதன் பொருள் தெரியும்: தோலும் ஆகாது. அவர் கத்தியால் தோள்பட்டையைக் கீறினார். தோலுக்கடியிலேயே, எலும்பைத் தொடாமல், ஒரு பால்ரஸ் பளபளவென்று கிடந்தது. விலாவில் இரண்டு, அவையும் உள்ளே போகவில்லை. வயிற்றில் மட்டும் தடுக்க எலும்பில்லாததால் புகுந்திருந்தன.

தாத்தா அவற்றை வாங்கி ஓடைத் தண்ணீரில் கழுவினார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் என் கையைப் பிடித்து நேரே பத்தர் பட்டறைக்கு அழைத்துச் சென்றார். பத்தர்தான், பாவம், நான் நிறுத்துப் போனதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். தாத்தா தராசைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடை சரிதான்" என்றார். "ஆனா ஒண்ணா இல்லியே."

அடியோ திட்டோ விழவில்லை. வீட்டில் எவருக்கும் அவர் சொல்லவும் இல்லை. துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துத் தூலத்தில் தொங்கவிட்டார். மறு ஆண்டு, 1972இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் மூடியது. தாத்தாவுக்கு இவை பொருட்டாக இருக்கவில்லை. அவருடைய வேட்டை அந்த ஓடைக்கரையில் முடிந்துபோயிருந்தது. அவர் காலமானபின் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம்.

*

"ஒண்ணா இல்லியே" என்று தாத்தா சொன்னது பௌதிகம் என்பதை நான் பிற்பாடு படித்துத்தான் அறிந்தேன். ஓர் உடலுக்குள் குண்டு எவ்வளவு ஆழம் செல்லும் என்பது மொத்த எடையைப் பொறுத்ததன்று. தன் குறுக்களவுக்கு எத்தனை எடையைத் தன் பின்னால் அது சுமந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கிராம் எஃகு உருண்டைக்குப் பின்னால் ஒரு கிராம்தான் இருக்கிறது. காற்றிலேயே வேகத்தில் ஒரு பகுதியை இழந்து, மிச்சத்தைத் தோலிடம் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இருபது கிராம் ஈயம் விலாவை முறித்துக்கொண்டு மறுபுறம் போயிருக்கும். அந்த மான் வயலைத் தாண்டியிராது.

புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் அம்பு நினைவுக்கு வருகிறது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊடுருவிச் சென்ற ஒரே அம்பு. மாணவப் பருவத்தில் அதைப் புலவரின் மிகை என்று சிரித்தோம். மிகைதான். ஆனால் தமிழ்ப் புலவர் ஒரு வில்லாளியைப் புகழ எண்ணியபோது அவன் எத்தனை அம்பு விட்டான் என்று எண்ணவில்லை. ஓர் அம்பு எவ்வளவு தூரம் போயிற்று என்றே பார்த்தார்.

எங்கள் பக்கத்து ஏலகிரி மலையில் திரிந்த சிறுத்தையைப் பற்றி எழுதியிருக்கும் பெங்களூர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் கையில் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். அதன் குண்டு 300 கிரெய்ன், 19.4 கிராம். தாத்தா கரண்டியில் உருக்கி வார்த்த குண்டும் ஏறத்தாழ அதே எடை! ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பியோ 140 கிரெய்ன் குண்டைச் சுடுவது. பாதி எடைகூட இல்லை. அதைக் கொண்டும் அவர் புலிகளை வீழ்த்தினார். ஆகவே எடை கூடினால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது.

*

மருமகனுக்கு நீண்ட மடல் ஒன்று எழுதினேன். நான் துப்பாக்கி தொட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம் என்ற முன்னுரையோடு.

அவன் ரைஃபிளில் 150 கிரெய்ன் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 890 மீட்டர் வேகத்தில் புறப்படும். 180 கிரெய்ன் 820 மீட்டர். இலகுவானது தட்டையாகப் பறக்கும், தோளில் உதை குறைவு. உதைக்கு அஞ்சாத தோள்தான் குறி தவறாது என்பதால் புதியவனுக்கு அது சிறிய நன்மையன்று. ஆனால் மிகு வேகத்தில் அருகிலிருந்து சென்று தோள் எலும்பில் மோதினால், மென்முனைக் குண்டு உள்ளே போகுமுன்பே சிதறிவிடக்கூடும். சிதறிய ஒவ்வொரு துணுக்கும் பால்ரஸ்தான். கனமானது சிதறாமல் ஊடுருவும். ஆனால் எல்க் போன்ற பெரிய விலங்குக்கென்று கெட்டியாகச் செய்தது சிறிய மானின் விலாவுக்குள் விரியாமலேயே ஊசிபோல மறுபுறம் போய்விடலாம். வெள்ளைவால் மான் நம் புள்ளிமானைவிடச் சற்றே பெரிது, நம் கடமானைவிட மிகச் சிறிது. அதற்கு 150 போதும், 165 நடுவழி, 180 தேவையைவிட அதிகம், தீங்கு என்று சொல்வதற்கில்லை.

செம்பாலான குண்டுகளைப் பற்றியும் எழுதினேன். ஈயத் துணுக்குகள் இறைச்சியிலும், கழிவைத் தின்னும் கழுகுகளின் வயிற்றிலும் சேர்வதால் கலிபோர்னியா 2019 முதல் வேட்டையில் ஈயத்தை முற்றிலும் விலக்கிவிட்டது. செம்பு ஈயத்தைவிட இலேசு. ஆனால் உடையாமல் பூப்போல விரிந்து தன் எடையை ஏறக்குறைய முழுதாக வைத்துக்கொள்ளும். அதனால் 150 கிரெய்ன் செம்பு, அதைவிடக் கனமான ஈயத்தின் வேலையைச் செய்யும். ஒன்றாக இருக்கிறது என்பதுதான் காரணம்.

இத்தனையும் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் 1971 புரட்டாசியை எழுதினேன். அவன் கேட்டது தாத்தா என்ன எடை போடுவார் என்று. ஒன்றே முக்கால் தோலா. அந்த ஒருநாள் மட்டும் அவர் அறியாமல் அவர் துப்பாக்கியில் வேறு எடை இருந்தது, அதைப் போட்டவன் நான். எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் வாங்கிக்கொள். அது எங்கே படும் என்று உறுதியாகத் தெரிகிற வரையில் விசையைத் தொடாதே. தொட்டுவிட்டால், எத்தனை நாளானாலும் தேடிப் போ. இப்படி முடித்தேன்.

எழுதி முடித்ததும் ஒரு தயக்கம். ஜவ்வாது மலையில் இன்று மானைக் காண்பதே அரிது. கோடையில் தண்ணீர் தேடி இறங்குபவை நாய்களிடமோ வண்டிச் சக்கரங்களிலோ சிக்குகின்றன. திருட்டு வேட்டையும் நின்றபாடில்லை. அந்தத் துப்பாக்கிகளில் இன்றும் பால்ரஸ்தான். இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவன் எந்தக் குண்டால் மானைக் கொல்லலாம் என்று அயல்நாட்டுக்கு அறிவுரை அனுப்புவது முறையா? அங்கே மான்கள் பெருகி, அவற்றின் தொகையை எண்ணிப் பார்த்து உரிமம் கொடுக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு ஆறுதலாக இல்லை. ஆனால் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது. நான் மௌனமாக இருந்தால் அவன் கடைக்காரரிடம் கேட்பான். கடைக்காரரிடம் ஓடைக்கரைக் கதை இருக்காது.

மடலைப் பற்றி அவன் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. மார்கழி பிறப்பதற்குச் சில நாள் முன்பு தொலைபேசியில் அழைத்தான். முதல் சனிக்கிழமை இரண்டு மான்கள் வந்தனவாம். இரண்டும் நேருக்கு நேர் நின்றன, சுடவில்லை. அடுத்த வாரம் ஒன்று பக்கவாட்டில் நின்றது. பேச்சு அங்கே நின்றது. பெருமை எதுவும் அவன் குரலில் இல்லை.

எத்தனை கிரெய்ன் என்று நான் கேட்கவில்லை. "எவ்வளவு தூரம் ஓடுச்சு?" என்றேன்.

"நாப்பது அடி இருக்கும், மாமா."